சிறுநீரகக் கிரயம்

நமது பத்திரிகையைத் தம் பாடசாலையிலே மாணாக்கருக்கும் படித்துக் காட்டிவரும் ஆசிரிய அன்பர் ஒருவர் எமக்கு ஒரு நிருபம் விடுத்து, அதன்கண் ஒரு வினாவை நிகழ்த்தியிருந்தார். தம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் மற்றோர் ஆசிரியருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதுற்றன என்றும், அவர் கிழமைக்கு இருமுறை இரத்தச் சுத்திகரிப்பின் பொருட்டு வைத்தியசாலைக்குச் சென்று மீள்கின்றார் என்றும், கடல் கடந்த ஒரு தேசத்திலே பணங் கொடுத்தாற் சிறுநீரகம் கிடைக்கும் என்று தரகர் ஒருவர் வீடு தேடி வந்து கூறினார் என்றும், அதற்கு வேண்டும் பொருளை ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணாக்கரும் கூடித் திரட்டுகின்றனர் என்றும் எழுதி, "இத்தருமத்திலே யான் என் சம்பளத்திற் பாதியை இட எண்ணியிருக்கின்றேன். இடுவது புண்ணியமா, பாவமா?" என்று வினாவியிருந்தார்.

இதற்கு விடை எழுத யாம் சில நாட் டாமதித்தோம். ஓருயிர் மெலிந்து கிடக்கும்போது அறநூல் விசாரம் செய்வது எளிதன்று. அந்நோயின் கொடுமையை யாம் கேள்வியினால் மாத்திரம் அறிந்தோமல்லேம். இவ்விலங்கையிலே வடமத்திய மாகாணத்து மெதவாச்சி, பதவியா முதலிய ஊர்களில், 1990ஆம் ஆண்டை அடுத்த காலந்தொட்டு, காரணம் இன்னதென்று ஒருதலையாகத் துணியப்படாத சிறுநீரக நோய் வயலிலே பாடுபடும் உழவரைத் தொடர்ந்து வாட்டி வருகின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவருள்ளே அந்நோயை வளர்க்கின்றன. ஒருமுறை யந்திரத்தோடு பிணிக்கப்பட்டால் நான்கு மணி நேரம் கிடத்தல் வேண்டும். அருந்தும் நீரையும் அளந்தே அருந்தல் வேண்டும். இத்தகைய துன்பத்தினின்றும் நீங்க ஒருவர் எவ்வழியைத் தேடினாலும் அவரை இகழ்தற்கு நமக்கு வாய் எழாது.

"நோய் பழவினையின் பயன், அதனை அநுபவித்தே கழிக்கவேண்டும், சிகிச்சை எதற்கு?" என்று சொல்வாரும் நம்மிடையே உளர். அது சைவத்தின் கொள்கையன்று. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் திருச்செங்கோட்டிலே அடியார்களைக் குளிர்சுரம் வருத்தக் கண்டபோது, வினையென்று கைகட்டி நின்றாரல்லர். பதிகம் பாடி அச்சுரத்தைப் போக்கினார். திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லிமழவன் மகளுக்கு உற்ற முயலகனைத் தீர்த்தருளினார். ஆதலால் நோயாளர் மருந்து தேடுதல் தகுதியே. ஈண்டு ஆராயவேண்டுவது, அம்மருந்து பிறனொருவன் உடம்பினுள் இருக்கும்போது அதனை எவ்வாறு பெறலாம் என்பதே. இவ்வினாவினுள் வைத்தியமும் அறமும் இரண்டாய் நிற்கவில்லை. ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கின்றன. பின்னல் எவ்வாறென்பதைச் சிறிது விரித்துக் காட்டுவோம்.

ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து மற்றொருவருக்கு வைத்து நெடுங்காலம் வாழச் செய்தல் முதன்முதல் 1954ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே அமெரிக்க தேசத்துப் பொஸ்டன் நகரிற் கைகூடிற்று. அதனைச் செய்த யோசேப்பு மறே என்னும் சத்திரவைத்தியர் 1990ஆம் ஆண்டிலே நொபெல் பரிசு பெற்றார். அன்று கொடுத்தவரும் கொண்டவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரர். ஆதலின் ஓருடம்பு மற்றதனை அயலென்று தள்ளவில்லை. மற்றையோர்க்கு அங்ஙனமன்று. உடம்பின் காவலாகிய நிர்ப்பீடனம், புதிதாக வந்த உறுப்பைக் கள்வனென்று கருதி அழிக்க முற்படும். 1980ஆம் ஆண்டை அடுத்து, அக்காவலை அடக்கும் சைக்குளோசுப்போரின் என்னும் மருந்து வழக்கில் வந்தபின்னரே, உறவல்லாதார் சிறுநீரகமும் நன்கு பொருந்துவதாயிற்று. அம்மருந்து உயிர்களுக்குச் செய்த உபகாரம் பெரிது. ஆனால் அதனோடுகூடவே சந்தையும் திறந்தது. உடன்பிறந்தாரைத் தேடவேண்டிய இடத்திலே ஏழை ஒருவனைத் தேடினாற் போதும் என்னும் நிலை உண்டாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை ஆசிரியர்கள் நன்கு மனங்கொள்ளல் வேண்டும். மாற்றுச் சிகிச்சை என்பது பழுதடைந்த கடிகாரத்திற்குப் புதிய சக்கரம் இடுவது போன்றதன்று. பழைய சிறுநீரகங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்க, புதியது அடிவயிற்றின் ஒரு பக்கத்திலே வைக்கப்பட்டு இரத்தக் குழாய்களோடு இணைக்கப்படும். அதன்பின் அது தொழில் செய்யுங்காலம் வரையும் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை நாடோறும் உண்ணல் வேண்டும். காவலாளனை உறங்க வைத்துவிட்டு வீட்டிற் குடியிருப்பது போல்வதொரு வாழ்வு அது. ஆதலால் முதல் ஆறு மாதகாலம் மிக அபாயமானது. அக்காலத்திலே வரும் சிறு சுரமும் பெருங்கேடாகலாம். கொடுப்பவருடைய உடம்பிலே ஒளிந்திருந்த நோய்க்கிருமி யாதாயினும் சிறுநீரகத்தோடு கூடவே வந்து, காவலற்ற புதிய வீட்டிலே தழைத்து வளரும். ஆகையினாலேதான் முறையாகச் செய்யும் வைத்தியர்கள் கொடுப்பவரையும் கொள்பவரையும் பல வாரங்கள் சோதிக்கின்றனர், இரத்த வகுப்பும் இழைய ஒப்பும் பார்க்கின்றனர், எச்.ஐ.வி., ஈரலழற்சி, காசம் முதலியவற்றைத் தேடுகின்றனர். சோதனையிற் றெரியாத அண்மைத்தொற்று இருத்தலுங் கூடுமாதலின் அவருடைய நடையையும் வாழ்க்கையையும் விசாரிக்கின்றனர்.

விலைக்கு வாங்கப் புறநாடு சென்றாருடைய கதி யாதாயிற்று? 1984ஆம் ஆண்டுமுதல் 1988ஆம் ஆண்டுவரை ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஓமானிலும் இருந்து நோயாளர் ஏறக்குறைய 130 பேர் பம்பாய்க்குச் சென்று, உறவல்லாத ஏழைகளிடம் சிறுநீரகம் வாங்கி மீண்டனர். அவரைப் பின்னர்ப் பராமரித்த வைத்தியர்கள் அவ்வரலாற்றை 1990ஆம் ஆண்டிலே லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டனர். முதலாண்டிலேயே இறந்தவர் தொகை எதிர்பார்க்கத்தக்கதினும் மிகுதியாயிருந்தது, அவ்விறப்புக்களிற் பெரும்பாலானவற்றிற்குத் தொற்றுநோயே காரணம், சிலர் எச்.ஐ.வி. கிருமியையும் தம்மோடு கொண்டுவந்திருந்தனர். உயிரை வாங்கச் சென்று மரணத்தை வாங்கி வந்தார்கள் என்பது மிகையன்று.

'அது பழைய காலம். இப்போது வைத்தியம் வளர்ந்துவிட்டது' என்பாருக்கும் ஒன்று சொல்வோம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து வைத்தியர்கள், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே தம்மிடம் வந்தவர்களுள், சீனம் முதலிய தேசங்களுக்குச் சென்று சிறுநீரகம் பெற்று மீண்ட 33 பேருடைய நிலையை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தொற்றுநோயுற்றனர். ஒன்பது பேர் அதன்பொருட்டு வைத்தியசாலையிற் கிடக்க நேர்ந்தது. உடம்பு புதிய உறுப்பைத் தள்ளும் நிலையும், உள்ளூரிலே முறைப்படி பெற்றவரினும் இவருக்கு மிகுந்திருந்தது. இதனை யாம் மறையாது முழுமையுஞ் சொல்லுதல் வேண்டும்: அந்த 33 பேரிற் பெரும்பாலார் ஓராண்டின் பின்னும் உயிரோடிருந்தனர். தரகர் காட்டுவது அப்பெரும்பாலாரையே. மற்றையோருடைய புகைப்படம் தரகர் கையில் இராது.

இனி, இக்கேடு ஏன் விளைகின்றது என்று ஆராய்வோம். அந்நாட்டு வைத்தியர் கைத்திறன் இல்லாதவர் என்று எண்ணற்க. பாரத தேசத்திலே இச்சிகிச்சையில் உலகம் மெச்சும் வல்லுநர் பலர் உளர். தம் உறவினரையே அழைத்துச் சென்று அங்கே முறையாகச் சிகிச்சை பெற்று நலமுற்ற ஈழத்தவரும் உளர். குற்றம் கைத்திறனில் அன்று, கிரயத்திலே உள்ளது. எங்ஙனமெனின், காட்டுதும். விற்பவன், தன் சிறுநீரகம் தக்கதென்று ஏற்கப்பட்டாலன்றிப் பணம் பெறான். ஆதலால் தனக்கு முன்னர்க் காமாலை வந்ததையும், இருமல் நீங்காதிருந்ததையும் மறைக்கின்றான். தரகன், காலந் தாழ்ந்தால் நோயாளி வேறிடம் போவான் என்று அஞ்சிச் சோதனையைச் சுருக்குகின்றான். சிகிச்சை செய்வோன், சட்டத்திற்கு அஞ்சிப் பெயரையும் பத்திரத்தையும் மறைக்கின்றான். வாங்குபவரோ உறவல்லாதானை மைத்துனன் என்று கையொப்பமிடுகின்றார். நால்வரும் பொய்யராகிய இடத்திலே நோய்க்கிருமி ஒன்றே மெய் சொல்கின்றது. அதுவும் காலங்கடந்து, நோயாளியின் உடம்பிலே சொல்கின்றது.

தம் மகனுக்குக் கொடுக்கும் தாய் தனக்குற்ற பழைய நோயை மறைப்பாளா? மறையாள், மறைத்தால் மகனுக்குக் கேடென்பதை அறிவாள். அன்பு உள்ளவிடத்து உண்மை தானே வருகின்றது. விலை வந்தவிடத்து உண்மை சொல்வார்க்கு நட்டம் உண்டாகின்றது. 1970ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் டிட்மஸ் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இரத்ததானத்தைப் பற்றி எழுதிய நூலிலே இதனையே வற்புறுத்தினார். விலைக்கு இரத்தம் வாங்கிய அமெரிக்காவில் ஈரலழற்சித் தொற்று மிகுந்திருந்தமையையும், தானமாகவே பெற்ற பிரித்தானியாவில் அது குறைந்திருந்தமையையும் ஒப்பிட்டுக் காட்டினார். இரத்தத்திற்கு ஒத்தது சிறுநீரகத்திற்கும் ஒக்கும் என்பதில் ஐயமில்லை.

ஒளித்துச் செய்யும் தொழில் ஒளிவிடத்தையே நாடும். 2008ஆம் ஆண்டு சனவரியிலே டில்லியை அடுத்த குர்கானில், குடியிருப்பு வீடொன்றினுள்ளே புறநாட்டாருக்குச் சிறுநீரகம் மாற்றி வந்த ஒரு கூட்டம் பிடிபட்டது. அதன் தலைவன் சத்திரவைத்தியம் கற்றவன் அல்லன். 2013ஆம் ஆண்டிலே நீதிமன்றத்தாற் றண்டிக்கப்பட்டான். இத்தகைய இடங்களில் இரண்டு மூன்று வாரத்திலே நோயாளியை விமானமேற்றி விடுவார்கள். அவர் கையிலே ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். கொடுத்தவர் யார், அவருக்கு என்ன நோய் இருந்தது, எம்மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பன அதில் இரா. நள்ளிரவிலே சுரம் காயும்போது, நம்மூர் அரசினர் வைத்தியசாலையில் நிற்கும் இளம் வைத்தியர் அக்கடதாசியைப் பார்த்து யாது செய்வார்? கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டிலே நடப்பது போல மருந்திடவேண்டியவராகின்றார்.

விற்றவனைப் பற்றி இதுவரை யாம் பேசவில்லை. உலகமும் அவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சென்னையை அடுத்த வில்லிவாக்கத்தை, அங்கே சிறுநீரகம் விற்றார் மலிந்தமையால், 'கிட்னிவாக்கம்' என்று மக்கள் எள்ளி அழைத்த காலம் ஒன்றுண்டு. பாரத அரசினர் 1994ஆம் ஆண்டிலே சட்டமியற்றி இவ்விற்பனையைத் தடுத்தனர். ஆயினும் 2001ஆம் ஆண்டிலே சென்னையிற் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ச்சியாளர் கண்டு விசாரித்தனர். அவருட் பெரும்பாலார் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்க்கவே விற்றனர். கிடைத்தது சராசரி 1,070 டொலர். வாக்களித்ததோ அதனினும் அதிகம். ஆண்டுகள் சில கழிந்தபின் அக்குடும்பங்களின் வருவாய் மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது; முக்காற்பங்கினர் இன்னும் கடனாளிகளாகவே இருந்தனர்; நூற்றுக்கு 86 பேர் தம் உடம்பின் பலம் குன்றிற்று என்றனர். 'மற்றொருவர் விற்கலாமா' என்று கேட்டபோது நூற்றுக்கு 79 பேர் 'வேண்டாம்' என்றனர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின்பின் வடசென்னை எர்ணாவூரிலே, வலையும் படகும் இழந்த மீனவக் குடும்பத்துப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அக்கடற்கோளிலே நம் முல்லைத்தீவும் பருத்தித்துறையும் பட்ட பாட்டை அறிந்த நாம் அப்பெண்களை அயலாரென்று எண்ணமாட்டோம்.

இனி ஒரு தடை. "இருவரும் மனமொத்தே கொண்டுங் கொடுத்தும் உள்ளனர், ஒருவர் உயிர் பெற்றார், ஒருவர் பொருள் பெற்றார், இடையிலே பாவம் எங்கிருந்து வந்தது?" என்பர். வில்லிவாக்கத்துப் பெண்ணின் மனம் கடன்காரன் வாசலிலே நிற்கும்போது ஒத்த மனம். அதனை இசைவென்று கூறுவது மொழிக்குச் செய்யும் அநியாயம்.

மற்றொரு தடை இதனினும் நுண்ணியது. "தநு கரண புவன போகங்கள் இறைவனால் ஆன்மாக்களுக்கு உதவப்பட்டன என்பது நம் சித்தாந்தம். உடம்பு நமது உடைமை அன்றாயின் விற்கலாகாது என்பது சரி. அங்ஙனமாயின் தானமாகக் கொடுத்தலும் ஆகாதன்றோ? இரவலாகப் பெற்ற பொருளை விற்பவனும் குற்றவாளி, பிறனுக்கு ஈபவனும் குற்றவாளி" என்று தருக்கம் வல்ல ஆசிரியர் ஒருவர் எம்மைக் கேட்டார். யாம் கூறியது இது: ஒருவன் தன் வேலையாளிடம் மண்வெட்டியைக் கொடுத்து நிலத்தைக் கொத்து என்றான். அவன் அதனால் அயல்வீட்டான் நிலத்தையும் சற்றே கொத்திக் கொடுத்தால், ஆண்டான் மகிழ்வான்; அதனைக் கடையிலே விற்றால் முனிவான். உடம்பு உதவப்பட்டது மலபரிபாகம் எய்துதற்பொருட்டு. அன்பினாற் செய்யும் ஈகை அப்பரிபாகத்திற்கு ஏதுவாதலால், கொடுத்தல் அக்கருவியைப் பயன்படுத்துதலேயாம். விற்றலிலே கருவியே சரக்காகின்றது. அவ்வாசிரியர் இவ்விடையால் முற்றும் அமைந்தார் என்று சொல்லமாட்டோம். மண்வெட்டி தேயாதோ என்று மீண்டுங் கேட்டார். தேயும். தேய்வது யார் நிமித்தம் என்பதிலே அறம் நிற்கின்றது.

கண்ணப்ப நாயனார் சரித்திரத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லிக் கொடுக்கும் நாம், அதிலுள்ள ஓரிடத்தைப் பெரும்பாலுங் கவனியாது கடந்து செல்கின்றோம். காளத்தியிலே இறைவர் திருக்கண்ணில் உதிரம் பெருகக் கண்ட திண்ணனார் முதலிலே பச்சிலை தேடி இட்டார். அது பயன்படாதாக, தசைக்குற்ற நோய்க்குத் தசையே மருந்தாமென்று முன் கேட்டதை நினைத்தார். நினைத்தவர் யார்? வேடர்கூட்டத்தின் தலைவர். ஏவினால் ஓடிவந்து நிற்கும் ஆட்கள் பலரை உடையவர். ஆயினும் பிறனொருவன் கண்ணைப் பெற்றுக் கொடுக்கலாம் என்பது அவர் நெஞ்சிலே தோன்றவேயில்லை. தம் கண்ணையே அம்பினால் அகழ்ந்தார். சிபிச் சக்கரவர்த்தியின் கதையிலும் இதுவே. அங்கே தராசு உண்டு, நிறை உண்டு, நிறைக்கு நிறை கொடுத்தலும் உண்டு. ஆனால் அரசன் தன் தசையை அரிந்து புறாவைக் காத்தான். சிறுநீரகச் சந்தையிலே அரசன் கட்டிலிற் படுத்திருக்க, புறா தன் தசையை அரிந்து தராசிலே இடுகின்றது.

நம் இலங்கைக்கு இதிலே இருவகைப் பெயர் உண்டு. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டிலே தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக, இத்தீவிலே இறந்தார் கண்கள் 1964ஆம் ஆண்டு முதலாக விலையின்றிப் புறநாடுகளுக்குச் செல்கின்றன. அவற்றாற் பார்வை பெற்றார் பல தேசத்தும் உளர். பௌத்த சகோதரர்கள் இவ்விஷயத்திலே நமக்கு முன்னே நடந்தார்கள் என்பதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. கண்ணப்பரை வணங்கும் நாம் பின்னே நிற்பதற்கே கூசல் வேண்டும். அதே தீவிலே, பாரதத்து ஏழைகளைக் கொழும்புக்கு அழைத்துவந்து சிறுநீரகம் எடுத்தனர் என்னும் வழக்கு 2016ஆம் ஆண்டு சனவரியிலே தெலுங்கானாப் பொலிசாரால் வெளிப்பட்டது. நமது சுகாதார அமைச்சினர் உடனே புறநாட்டார்க்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சையை நிறுத்தினர். கடல் கடந்து கண் கொடுத்த நாடு, கடல் கடந்து வந்தாருக்குச் சிறுநீரகம் விற்கும் சந்தை என்று பெயர் கேட்டது. 2008ஆம் ஆண்டின் இஸ்தான்புல் பிரகடனம் முதலியவற்றால் உலகத்து வைத்தியர்கள் இவ்வியாபாரத்தைக் கண்டித்திருக்கின்றனர். கண்டனத்தால் மாத்திரம் அது ஒழிந்திலது. ஒரு தேசத்திலே கதவடைத்தால் மற்றொரு தேசத்திலே திறக்கின்றது.

ஆசிரிய அன்பருக்கு யாம் எழுதிய விடையின் சாரத்தை இங்கே தருகின்றோம். அவர் நண்பரைப் பழித்தற்க. பொருள் திரட்டுதலையும் நிறுத்தற்க. ஆனால் அப்பொருள் தரகர் கைக்குச் செல்லாதிருப்பதாக. சுத்திகரிப்புக்குச் சென்றுவரும் வாகனக் கூலி, மருந்து, குடும்பத்தின் உணவு, உறவினருடைய சோதனைச் செலவு ஆகியவற்றிற்கு அது வேண்டும். முதலிலே உடன்பிறந்தாரும் நெருங்கிய சுற்றத்தாரும் வைத்தியரிடம் செல்க. கொடுக்க அஞ்சுபவரை ஒருவரும் வற்புறுத்தற்க. அச்சத்தினாற் கொடுத்ததும் விலைக்குக் கொடுத்ததற்கு அயலதன்று. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இறந்தபின் தம் உறுப்புக்களை உதவ ஒருவர் உயிரோடிருக்கும்போதே சம்மதம் எழுதி வைக்கலாம். அதனை ஆசிரியர்களே முதலில் எழுதுக. 'உறுப்புக் குறைந்த உடம்புக்கு அந்தியேட்டி செய்யலாமா' என்று பெற்றோர் கேட்பர். தூலவுடம்பு நீறாகின்றது, கிரியை ஆன்மாவின் பொருட்டே செய்யப்படுகின்றது என்று அவருக்குத் தெளிவிக்க. இவ்வளவும் எழுதிவிட்டு, அவர் நண்பர் உயிருக்கு யாம் உத்தரவாதம் செய்யமுடியாது என்பதையும் எழுதினோம்.

அவருடைய மறுநிருபம் சென்ற கிழமை வந்தது. தரகர் மூன்றுமுறை வந்துபோனாராம். மூன்றாம் முறை விலையையும் குறைத்தாராம். நோயாளரின் தமையனார் ஒருவரும் தமக்கையார் ஒருவரும் சோதனைக்குச் சென்றிருக்கின்றனர். தமையனாருக்கு நீரிழிவு இருப்பது அங்கேதான் தெரியவந்தது. வைத்தியர் அவரிடம் சிறுநீரகம் பெற மறுத்துவிட்டு, அவருக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். தமக்கையாரின் இரத்த வகுப்பு ஒத்திருக்கின்றது. மற்றைச் சோதனைகள் நடைபெறுகின்றன.